பம்ப்பைக் கடைசியில் கழற்றுங்கள்

பழைய டீசல் பிக்கப் ஒன்று ‘மிஸ் ஆகுது’ என்று பட்டறைக்கு வந்து நின்றால், பெரும்பாலும் முதல் பழி விழுவது டீசல் பம்ப்பின் மேல்தான். பம்ப்பை இறக்கி, காலிபரேஷன் கடைக்கு அனுப்பி, பல ஆயிரம் ரூபாய் செலவழித்துத் திரும்ப மாட்டியும் அதே குலுக்கல் நீடிக்கும். அப்புறம்தான் டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு கண்ணில் படும். சோதிக்கும் வரிசை தலைகீழாகிவிட்டதால் வரும் நஷ்டம் இது. காய்கறியும் பால் கேனும் ஏற்றிப் பிழைக்கிற ஒரு குடும்பத்துக்கு அது சின்ன நஷ்டமல்ல.

காமன் ரெயில் வருவதற்கு முந்தைய வண்டிகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்: பழைய டாட்டா 207, பியூஜோ எஞ்சின் பொருத்திய மகிந்திரா வகையறா. இவற்றில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறைச் சொல்ல கம்ப்யூட்டர் கிடையாது. காது, மூக்கு, கண், ஒரு 17 நம்பர் ஸ்பேனர் இவ்வளவுதான் கருவி. ஆனால் எதை எதற்குப் பின் பார்ப்பது என்பதில் தெளிவு இருந்தால், பெரும்பாலான கோளாறுகளை இந்தக் கருவிகளே காட்டிக்கொடுத்துவிடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றே. காற்றை அதன் கொள்ளளவில் 18-ல் ஒரு பங்கு, 20-ல் ஒரு பங்கு என்று நசுக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அதில் டீசலைப் பனிப்புகை போலப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, ஒரு சிலிண்டர் ஒழுங்காக வெடிக்க மூன்று விஷயம் வேண்டும்: போதுமான சூடு, மெல்லிய தூவல், சரியான நொடி. ‘மிஸ்ஸிங்’ என்பது இந்த மூன்றில் ஏதோ ஒன்று தவறுவதுதான்.

இதில் புழங்கும் அளவுகளைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். நிமிடத்துக்கு 750 சுற்று வேகத்தில் சும்மா நிற்கும் நான்கு சிலிண்டர் எஞ்சின், நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் டீசல் ஏறத்தாழ எட்டு கன மில்லிமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளியை நூறு, இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டுத் தருவது பம்ப்பின் வேலை. 1927-ல் பாஷ் நிறுவனம் இப்படியொரு பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிகளில் பரவலாக ஏறியது. அதற்குள்ளிருக்கும் பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். இத்தனை நுட்பமான ஒன்றைச் சந்தேகத்தின் பேரில் பிரிக்கலாமா?

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். கோளாறு ஒரு சிலிண்டருடையதா, அல்லது நான்கும் சேர்ந்து பட்டினி கிடக்கின்றனவா?

சைலன்சர் பக்கம் நின்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். ஒரு சிலிண்டர் மட்டும் வெடிக்கவில்லை என்றால், சத்தத்தில் தாளம் தவறாமல் ஓர் இடம் காலியாக விழும். ஐடிலில் அது துல்லியமாகக் கேட்கும். வேகம் ஏற ஏற மங்கும். எரிபொருள் பட்டினி இதற்கு நேர் எதிர். ஒட்டன்சத்திரத்தில் சுமை ஏற்றும்போது எஞ்சின் நன்றாகத்தான் ஓடும். வத்தலகுண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போதுதான் இழுவை போகும், திணறும், சில சமயம் நின்றே போகும்.

ஒரு சிலிண்டர்தான் என்று காது சொன்னால், எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் இரும்புக் குழாயின் நட்டை அரைச்சுற்று தளர்த்துவார்கள். டீசல் வெளியே கசியும். அந்தச் சிலிண்டர் வேலையை நிறுத்தும். எஞ்சின் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி.

இதை நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. அந்தக் குழாயிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. தாமதித்தால் விரலே போகும். கையுறை, கண்ணாடி, நட்டின் மேல் கனத்த துணி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. காமன் ரெயில் வண்டியில் எந்தக் காரணத்துக்காகவும் செய்யவே கூடாது. அங்கே ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். பாதுகாப்பான இன்னொரு வழியும் உண்டு. குளிர்ந்திருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவியைக் காட்டினால், வெடிக்காத சிலிண்டரின் கிளை மட்டும் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருக்கும்.

குற்றவாளி மூன்றாம் சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் நாசிலையும் ஒன்றாம் சிலிண்டரின் நாசிலையும் இடம் மாற்றி, புது காப்பர் வாஷர் போட்டு மாட்ட வேண்டும். மிஸ்ஸிங் ஒன்றாம் சிலிண்டருக்குத் தாவினால் கோளாறு நாசிலில். நாசில் டெஸ்டரில் மாட்டி அடித்தால் தூவலுக்குப் பதில் சொட்டுவது தெரியும். தாவாமல் மூன்றிலேயே நின்றால் அடுத்தது கம்ப்ரெஷன். அதற்கும் முதலில் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். வால்வு முழுதாக மூடாவிட்டால் காற்று நசுங்காது, சூடும் ஏறாது. பிறகு கேஜ் வைத்துப் பார்க்கலாம். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால், நாசில் எத்தனை மாற்றினாலும் பயனில்லை.

புகையும் பேசும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை அல்லது தூவல் கெட்டுவிட்டது. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கண்ணை எரித்து நெடியடித்தால் அது பற்றாமலே வெளியேறும் டீசல். காலையில் மட்டும் வெள்ளையாகத் தள்ளி, சூடேறியதும் சரியாகிவிடுகிறது என்றால் முன் அறை கொண்ட பியூஜோ வகை எஞ்சின்களில் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க வேண்டும்.

இனி, நான்கும் சேர்ந்து திணறுவது. என் பார்வையில் அதிகம் கவனிக்க வேண்டியதும், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் பெரும்பாலும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். வெடித்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சும்போது வாயில் பாதி காற்றாக வருகிறதே, அதேதான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாததால் ‘லீக் எதுவும் இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு குமிழி என்ன செய்துவிடும்? டீசல் லேசில் நசுங்காது, காற்று நசுங்கும். பிளஞ்சர் தள்ளும் அந்தச் சின்னஞ்சிறு தூரம் முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிட்டால், நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. அந்த வெடிப்பு தவறும். குமிழி எந்தக் குழாயில் மாட்டுகிறது என்பது ஒவ்வொரு கணமும் மாறுவதால் மிஸ்ஸிங்கும் தாளமில்லாமல் அலையும். இரவில் அதே ஓட்டை வழியே காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் டேங்க்குக்கு இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி தீர்வது இதனால்தான்.

கண்டுபிடிக்க ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளம் டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸை மாட்டி எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி ஓடினால் காற்று அதற்கு முன்னாலிருந்து வருகிறது. அடுத்து, டேங்க்கையே ஒதுக்கிவிட்டு, சுத்தமான டீசல் நிறைந்த கேனிலிருந்து நேரே ஃபீட் பம்ப்புக்குக் குழாய் கொடுத்துப் பாருங்கள். ரிட்டர்னையும் அதே கேனுக்கே திருப்புங்கள். எஞ்சின் சீராக ஓடினால் பம்ப் நிரபராதி. குற்றம் டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில்தான். பம்ப்பை இறக்கும் கூலியில் சிறு பங்குகூட ஆகாத சோதனை இது. பட்டறைகள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மேட்டில் மட்டும் திணறினால் ஃபில்டரைப் பாருங்கள். பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் வடிகட்டிகளை ஆராய்ந்து 1856-ல் ஒரு விதியை வெளியிட்டார்: வடிகட்டி வழியே எத்தனை மடங்கு வேகமாகத் திரவத்தை ஓட்டுகிறோமோ, அத்தனை மடங்கு அழுத்தம் அதில் விழும். ஐடிலில் மணிக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்காத எஞ்சின், சுமையோடு மலை ஏறும்போது பத்து லிட்டருக்கு மேல் கேட்கிறது. பட்டறை வாசலில் நிற்கும்போது தெரியாத அடைப்பு மலையில் தெரிவது இதனால்தான். கொடைக்கானல் இருக்கும் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், டேங்க்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் விசையும் குறைகிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். வண்டி திணறும்போது மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், எஞ்சின் தெளிந்துவிடும்.

அந்த ஃபில்டரை அடைப்பது எது என்பது தனிக் கதை. பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து நீராக இறங்கும். டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை வளரும். டீசலின் ஹைட்ரோகார்பன்தான் அதற்கு உணவு. பழுப்பும் கறுப்புமாக வழவழப்பான படலம் ஃபில்டரில் ஒட்டியிருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் திரும்ப வரும்; டேங்க்கைக் கழுவியாக வேண்டும். வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகை அவ்வப்போது திறந்து நீரை வடிப்பது, இதற்கெல்லாம் முந்திக்கொள்ளும் வேலை.

ரப்பருக்கும் காலம் மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நம் பங்க்குகளில் கிடைக்கும் பிஎஸ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பிஎஸ் 3 காலத்தில் 350 வரை அனுமதி இருந்தது. காற்றுக்கு இது பெரிய நன்மை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கந்தகத்தை நீக்கும் முறை டீசலில் உள்ள அரோமேட்டிக் சேர்மங்களையும் குறைக்கக்கூடும். அவற்றை உறிஞ்சி உப்பியிருந்த பழைய சீல்கள் பிறகு சுருங்கும்; இறுகிப்போனவை மீளாது. 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய வண்டிகளின் பம்ப் சீல்கள் இப்படித்தான் கசிந்தன. பதினைந்து, இருபது வயதான பிக்கப்பில் ஹோஸ், பேன்ஜோ போல்ட் வாஷர், ஹேண்ட் பிரைமர் சீல் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது நல்லது என்று சொல்வது இதனால்தான். மண்ணெண்ணெய் கலந்தால் ‘லைன் கிளீன் ஆகும்’ என்பதை நம்ப வேண்டாம். டீசலின் வழவழப்பையே நம்பி ஓடும் ரோட்டரி பம்ப்புக்கு அது நேரடித் தேய்மானம்.

கேனிலிருந்து ஓட்டியும் சரியாகவில்லை, நாசில் நல்லது, கம்ப்ரெஷன் சமம், டேப்பட் சரி, டைமிங் குறி பொருந்துகிறது என்றால் மட்டும் பம்ப்பை இறக்குங்கள். காலிபரேஷன் கடையில், எந்த வேலையும் செய்வதற்கு முன்பே பம்ப்பை பெஞ்ச்சில் ஓட்டி, நான்கு லைனிலும் ஐடிலில் எவ்வளவு, முழு சுமையில் எவ்வளவு டீசல் வருகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்த பின்னும் அதே அளவுகளை வாங்குங்கள். மாட்டும்போது வாஷர் எல்லாம் புதிது. ஃபில்டர் பிளீட் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பிரைமரை அடித்து இறுக்கிய பிறகு பம்ப்பிலும், கடைசியாக நாசில் நட்டுகளிலும் காற்றை எடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள்.