கிளாரிஸுக்காகக் கொதித்தவர்கள்

தாமஸ் ஹாரிஸ் எழுதிய ‘ஹானிபல்’ நாவல் 1999 ஜூனில் வெளிவந்தது. அதைப் படித்தவர்களிடம் இன்றைக்குப் பேச்சுக் கொடுத்தாலும், பேச்சு கடைசி அத்தியாயங்களில்தான் போய் நிற்கும். “கிளாரிஸை இப்படிச் செய்துவிட்டாரே” என்று இன்னும் ஆறாமல் பேசுபவர்கள் உண்டு. அந்த முடிவுதான் நாவலின் உச்சம் என்று வாதாடுபவர்களும் உண்டு. எழுத்தாளர்களே இரண்டாகப் பிரிந்தார்கள்: ஸ்டீஃபன் கிங் நாவலைப் புகழ்ந்து மதிப்புரை எழுதினார், மார்ட்டின் ஏமிஸ் கிழித்துத் தொங்கவிட்டார். ஒரு த்ரில்லரின் முடிவுக்கு ஏன் இத்தனை சண்டை? அதை விளக்க, முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும். படிக்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வரலாம்.

இந்த வரிசையில் மொத்தம் நான்கு நாவல்கள். 1981-ல் வந்த ‘ரெட் டிராகன்’ கதையில் மனநல மருத்துவரும் நரமாமிசம் தின்பவருமான ஹானிபல் லெக்டர் சில காட்சிகளில் மட்டுமே வருகிறார். 1988-ல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ நாவலில்தான் எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி கிளாரிஸ் ஸ்டார்லிங் அறிமுகமாகிறாள். 1999-ல் ‘ஹானிபல்’. 2006-ல் லெக்டரின் இளமைக் கதையான ‘ஹானிபல் ரைசிங்’.

கிளாரிஸ் லெக்டரை முதன்முதலில் பார்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பால்டிமோரில், குற்றம் செய்த மனநோயாளிகளை அடைத்துவைத்திருக்கும் மருத்துவமனை. நீண்ட நடை, கடைசியில் அவருடைய அறை. நல்ல கைப்பை, மலிவான ஷூ. இந்த இரண்டையும் பார்த்தே அவள் எங்கிருந்து வருகிறாள், எதை மறைக்கப் பாடுபடுகிறாள் என்று லெக்டர் சொல்லிவிடுகிறார். வாசகருக்கு அந்த இடத்தில் அவமானமாக இருக்கும், அவளுக்காக. சின்ன வயதில் தந்தையைப் பறிகொடுத்தவள், யாருடைய தயவும் இல்லாமல் மேலே வரப் பார்ப்பவள் என்று தெரியத் தெரிய, அவள் நம் வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள். 1991-ல் படம் வந்து ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் வென்றது. அதன்பிறகு கிளாரிஸுக்கு ஜோடி ஃபாஸ்டரின் முகமும் கிடைத்துவிட்டது. முந்தைய நாவலுக்கும் ‘ஹானிபலு’க்கும் நடுவே பதினோரு ஆண்டுகள். அத்தனை காலமும் அவள் எழுத்தாளரின் மேசையில் இருந்ததைவிட வாசகர் மனதில்தான் அதிகம் வளர்ந்தாள். கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

‘ஹானிபல்’ கதை ஏழு ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. துப்பாக்கிச் சண்டை ஒன்றின் பழி கிளாரிஸ் தலையில் விழுகிறது. மேலதிகாரிகள் அவளை ஓரங்கட்டுகிறார்கள். லெக்டரால் உருக்குலைந்த மேசன் வெர்ஜர் என்ற பணக்காரன், அவரைப் பிடித்துப் பன்றிகளுக்கு இரையாக்கத் திட்டமிடுகிறான். வெர்ஜரின் இடத்துக்கே போய் லெக்டரைக் காப்பாற்றும் கிளாரிஸ் மயக்க ஊசி பாய்ந்து விழ, அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார். பிறகு பல நாட்கள் மருந்தும் வசியமுமாகக் கழிகின்றன. அவளுடைய தந்தையின் எலும்புகளைக்கூட அவள்முன் கொண்டுவந்து வைக்கிறார். அவளை அலைக்கழித்த அதிகாரி கிரெண்ட்லரை உயிரோடு உட்காரவைத்து, அவனுடைய மூளையைச் சமைத்துப் பரிமாறுகிறார். கிளாரிஸும் சாப்பிடுகிறாள். கடைசியில் இருவரும் ஜோடியாகப் போய்விடுகிறார்கள்.

தொடர் நாவலும் உளவியல் த்ரில்லரும் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு ஒன்றல்ல. நீங்கள் விரும்பிய அதே ஆள் திரும்ப வருவாள் என்கிறது தொடர். எந்த மனதையும் நம்பாதே, அதன் அடியில் வேறொன்று கிடக்கிறது என்கிறது உளவியல் த்ரில்லர். ஒரே புத்தகம் இரண்டு வாக்கையும் கொடுத்தால் ஏதோ ஒன்று உடையத்தான் செய்யும். ஹாரிஸ் முதல் வாக்கை உடைத்தார். கொலைகாரன் மாறினால் யாரும் வருந்தமாட்டார்கள். நம்பியிருந்தவள் மாறும்போதுதான் வலிக்கிறது.

முடிவை ஆதரிப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கிளாரிஸ் உண்மையாக உழைத்த நிறுவனமே அவளைக் கைவிட்டது. அவள் அங்கேயே கிடந்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். இறந்துபோன தங்கை மிஷாவின் இடத்தில் அவளை வைக்க நினைத்த லெக்டரின் திட்டத்தை அவள்தான் முறியடித்தாள், அதனால் அவள் வெறும் பொம்மை அல்ல என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மருந்தை என்ன செய்வது? அவளே தேர்ந்தெடுத்தாள் என்றால் அது பெரிய துயரக் கதை. மருந்து தேர்ந்தெடுத்தது என்றால் அது ஒரு பெண்ணைக் கடத்திய கதை. எது என்று தெளிவாகச் சொல்லாமல் ஹாரிஸ் கடந்துபோகிறார். எனக்கு நாவலின் குறை முடிவில் இல்லை, அந்த மருந்துப் புட்டியில்தான் இருக்கிறது.

இன்னொரு மனக்குறையும் பரவலாக உண்டு. முந்தைய நாவலில் லெக்டருக்குக் காரணம் கிடையாது, அதனாலேயே பயமாக இருந்தது. இங்கே 1944-ல், லித்துவேனியாவில், பசியில் திரிந்த படைவீரர்கள் மிஷாவைக் கொன்று தின்றார்கள் என்று ஒரு காரணம் வருகிறது. பேய்க்கு ஜாதகம் எழுதியாயிற்று. பரிதாபம் வந்த இடத்தில் பயம் குறைந்துவிட்டது.

திரைக்காரர்களும் அந்த முடிவில் தயங்கினார்கள். ஜோடி ஃபாஸ்டரும் முந்தைய படத்தின் இயக்குநர் ஜோனதன் டெமியும் விலகிக்கொள்ள, 2001-ல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் ஜூலியான் மூர் கிளாரிஸாக நடித்தார். படத்தின் முடிவில் அவள் லெக்டரோடு போவதில்லை. அவருக்குக் கைவிலங்கு மாட்டுகிறாள்.

நாவலின் கடைசிப் பக்கங்களில் பார்னி வருகிறான். மருத்துவமனையில் லெக்டரைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஊழியன் அவன். மரியாதையாக நடந்துகொள்வான், ஆனால் பாதுகாப்பு விதியை ஒருநாளும் தளர்த்தமாட்டான். உலகத்தில் உள்ள வெர்மீர் ஓவியங்கள் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகவே புவெனஸ் ஐரிஸ் வந்தவன், ஓர் இரவு ஆபரா அரங்கில் தற்செயலாக அந்த ஜோடியைப் பார்த்துவிடுகிறான். அவர்களிடம் போய்ப் பேசவில்லை, போலீஸுக்கும் சொல்லவில்லை. கூட வந்த பெண்ணை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பிவிடுகிறான். புவெனஸ் ஐரிஸில் இருந்த வெர்மீரை அவன் பார்க்கவே இல்லை.