ஏபெல் பல்வகைகளில் வளைவரைகளின் உருத்திரிபு

இயற்கணித வடிவியலில், ஏபெல் பல்வகை என்பது பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளால் வீழ்ப்பு வெளியில் வரையறுக்கப்பட்டு, தன் புள்ளிகளுக்கிடையே கூட்டல் செயலையும் கொண்ட வடிவம் ஆகும். நீள்வட்ட வளைவரை இதன் ஒருபரிமாண எடுத்துக்காட்டு. ஏபெல் பல்வகையை மாற்றாமல், அதனுள் அமைந்த வளைவரையை எத்தனை வழிகளில் சிறிது சிறிதாக நகர்த்தலாம் என்பதை இக்கோட்பாடு ஆராய்கிறது. கீழே கூறப்படுபவை சிக்கலெண்கள் மீதமைந்த, வழவழப்பான வளைவரைகளுக்குப் பொருந்தும். வளைவரையின் துளைகளின் எண்ணிக்கை (இனஎண்) க எனவும், க ≥ 2 எனவும் கொள்ளப்படுகிறது.

பெயர்ச்சி

வளைவரையின் எல்லாப் புள்ளிகளுடனும் ஒரு நிலையான புள்ளியைக் கூட்டினால் வளைவரை இடம்பெயரும். பல்வகையின் பரிமாணம் எவ்வளவோ, அவ்வளவு பரிமாணப் பெயர்ச்சிகள் எப்போதும் கிடைக்கும். வேறு நகர்வுகள் உண்டா என்பதே வினா.

இருபரிமாண ஏபெல் பல்வகையில் மொத்த நகர்வுகள் க பரிமாணம் உடையவை. இவற்றுள் 2 பெயர்ச்சிகள். எஞ்சிய க − 2 வளைவரையின் வடிவையே மாற்றக்கூடியவை. க = 2 எனில் பெயர்ச்சி மட்டுமே உண்டு.

ஜாக்கோபியன்

ஒவ்வொரு வளைவரையும் க பரிமாணமுள்ள ஜாக்கோபியன் எனும் ஏபெல் பல்வகையினுள் அமைகிறது. அங்கு பெயர்ச்சியைத் தவிர வேறு தொடர்ச்சியான நகர்வு இல்லை. எனினும், மிகச்சிறு மாறியின் வர்க்கத்தைப் பூச்சியமாகக் கொண்டு கணிக்கும் முதற்படி உருத்திரிபுகள் சில வேளைகளில் இதைவிட மிகுதியாகும். க ≥ 3 ஆகும்போது, மீநீள்வட்ட வளைவரைகளுக்கு அவை 2க − 2 பரிமாணம் உடையவை. மற்றவற்றிற்கு க மட்டுமே. எடுத்துக்காட்டாக, க = 5 எனில் மீநீள்வட்ட வளைவரைக்கு முதற்படியில் 8 பரிமாணம் கிடைத்தாலும், மெய்யான நகர்வுகள் 5 பரிமாணமே. எஞ்சியவை உயர்படிகளில் தடைபடுகின்றன. ஆகவே முதற்படிக் கணக்கை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது.

இந்தியப் பங்களிப்பு

ஜாக்கோபியனுடன் அதன் துருவமாக்கம் எனும் கூடுதல் அமைப்பும் தரப்பட்டால் வளைவரை முற்றிலும் தீர்மானிக்கப்படும் என்பது டொரெல்லியின் தேற்றம் (1913). துருவமாக்கம் தரப்படாவிட்டால், ஒரே பல்வகை வெவ்வேறு வளைவரைகளின் ஜாக்கோபியனாக இருக்கலாம். ஆனால் அத்தகைய வளைவரைகள் முடிவுறு எண்ணிக்கையிலேயே உள்ளன என்பது எம். எஸ். நரசிம்மனும் மாதவ் நோரியும் 1981இல் வெளியிட்ட தேற்றத்தின் விளைவாகும். நரசிம்மன் (1932–2021) தமிழ்நாட்டின் தண்டரையில் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றவர்.

இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றான டேவிட் மம்ஃபோர்டின் 'ஏபெலியன் வெரைட்டீஸ்' (1970), மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் 1967–68இல் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து உருவானது. அவ்விரிவுரைகளின் குறிப்புகளை எழுதியவர் சென்னையில் பிறந்த சி. பி. இராமானுஜம் (1938–1974).