பெட்டிக்குள் இருப்பதற்கு யார் பொறுப்பு?

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு காலத்தில் அரிசி மூட்டை, ரப்பர் பொதி, மரப்பெட்டி என ஒவ்வொன்றையும் ஆட்களே சுமந்து இறக்கினார்கள். அப்படித் தோள் கொடுத்தவர்களில் தமிழர்களும் ஏராளம். ஒரு கப்பலைக் காலி செய்யப் பல நாள்கள் பிடிக்கும். 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘நிஹோன்’ என்ற கப்பல் அங்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் அதுவே. அதன் பிறகு உள்ளே என்ன சரக்கு என்று பாரந்தூக்கி இயக்குபவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. எல்லாப் பெட்டிகளும் ஒரே முறைப்படி செய்யப்பட்டவை. தூக்குவதும் அடுக்குவதும் ஒரே மாதிரிதான்.

கணினி உலகமும் ஏறக்குறைய இதே பாதையில்தான் வந்திருக்கிறது. வங்கிக் கணக்கைப் பார்ப்பது, டாக்சி அழைப்பது, உணவு வரவழைப்பது என்று கைத்தொலைபேசியில் அன்றாடம் நடக்கும் பல காரியங்களுக்குப் பின்னால் இன்று மென்பொருள் கொள்கலன்கள் இயங்குகின்றன.

மென்பொருளுக்கு எதற்குப் பெட்டி?

ஒரு மென்பொருள் தனியாக இயங்குவதில்லை. அதற்குத் துணையாக வேறு பல சிறு மென்பொருள்களும் அமைப்புக் கோப்புகளும் தேவை. எழுதியவரின் கணினியில் ஒழுங்காக ஓடிய மென்பொருள், அலுவலக சர்வரில் ஏற்றியதும் படுத்துவிடும். அங்குள்ள துணை மென்பொருள் வேறு பதிப்பாக இருப்பதே பெரும்பாலும் காரணம்.

மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப் பொருள்களையும் ஒரே பெட்டியில் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘டாக்கர்’ இந்த முறையை எல்லாருக்கும் எளிதாக்கியது. முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம்தான் அதன் சின்னம்.

பெட்டிகள் பெருகியபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. எந்தப் பெட்டியை எந்தக் கணினியில் வைப்பது? ஒன்று பழுதானால் மாற்றுப் பெட்டியை யார் ஏற்றுவது? இதைக் கவனிக்க 2014இல் கூகல் நிறுவனம் ‘குபர்னெட்டிஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. கிரேக்க மொழியில் அதற்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

வாடகைக்கு ஒரு துறைமுகம்

சுக்கான் பிடிப்பவரைக் கவனித்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். குபர்னெட்டிசைச் சொந்தமாக அமைத்துப் பராமரிப்பது பெரிய வேலை. ஆகவே கூகல், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் அந்தப் பொறுப்பைத் தாங்களே ஏற்று வாடகைக்குக் கொடுக்கின்றன. இதற்கு நிர்வகிக்கப்படும் சேவை என்று பெயர். 2017இல் வந்த அமேசானின் ‘ஃபார்கேட்’, 2019இல் வந்த கூகலின் ‘கிளவுட் ரன்’ ஆகியவை இன்னும் ஒரு படி மேலே போயின. அவற்றில் வாடிக்கையாளர் எந்தக் கணினியையும் பராமரிக்க வேண்டியதில்லை. பெட்டியைக் கொடுத்தால் போதும்.

இதன் பலனை ‘போக்கிமோன் கோ’ விளையாட்டு காட்டியது. 2016 ஜூலையில் அது வெளியானபோது, திட்டமிட்ட அளவைப்போல் 50 மடங்கு பயனீட்டாளர் சுமை வந்தது. கூகலின் கொள்கலன் சேவையில் அது இயங்கியதால், இடையிடையே தடங்கல் ஏற்பட்டாலும், கணினிகளைக் கூட்டிக்கொண்டே போக முடிந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அது வந்து சேர்ந்தது. ஹவ்காங் புளோக் 401ஐச் சுற்றி இரவில் திரண்ட கூட்டத்தைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

சேவை நிறுவனம் கவனிக்காதவை

‘நிர்வகிக்கப்படும்’ என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாப் பொறுப்பும் தீர்ந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். தவறு நேர்வது அங்கேதான். துறைமுகம் பெட்டியைப் பத்திரமாகத் தூக்கி வைக்கும். உள்ளே இருக்கும் பழம் அழுகியிருந்தால் அதற்குத் துறைமுகம் பொறுப்பாகாது.

முதலாவது, பாதுகாப்பு. 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்ற துணை மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்களுக்குள் அது இருந்தது. சேவை நிறுவனங்கள் தங்கள் கணினிகளைச் சரிசெய்தன. ஆனால் வாடிக்கையாளர் கட்டிய பெட்டிக்குள் இருந்த பழைய பதிப்பை மாற்றும் வேலை வாடிக்கையாளருடையதாகவே இருந்தது. பெட்டியைத் திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்டும் பழக்கம் இல்லாதவர்கள் அப்போது திண்டாடினார்கள்.

இரண்டாவது, தகவல். லிட்டில் இந்தியாவில் தீபாவளிப் பலகாரம் விற்கும் கடை ஒன்று இணையத்தில் முன்பதிவு ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுப் பட்டியலைக் கொள்கலனுக்குள்ளேயே எழுதி வைத்தால் என்ன ஆகும்? கூட்டம் அதிகமாகும்போது புதிய பெட்டிகள் ஏற்றப்படும். கூட்டம் குறைந்ததும் சில பெட்டிகள் அகற்றப்படும். அவற்றோடு முறுக்கும் அதிரசமும் கேட்டவர்களின் பெயர்களும் போய்விடும். கொள்கலன் எந்த நேரமும் அகற்றப்படக்கூடியது என்பதே அதன் இயல்பு. நிலைத்திருக்க வேண்டிய தகவலைத் தனியாகத் தரவுத்தளத்தில் வைக்க வேண்டும். அதற்கும் நகல் வேண்டும்.

மூன்றாவது, கட்டணம். கூட்டத்திற்கு ஏற்பத் தானாகப் பெருகும் வசதி, பணத்தையும் தானாகப் பெருக்கும். மென்பொருளில் ஒரு சிறு பிழையோ யாரோ ஒருவரின் விஷமமோ போதும், மாதக் கடைசியில் பெரிய தொகைக்குப் பில் வந்து நிற்கும். எத்தனை பெட்டிகள் வரை ஏறலாம் என்று உச்சவரம்பு வைப்பதும், செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் எச்சரிக்கும்படி செய்வதும் முதல் நாளிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்.

நான்காவது, இடம். மேகம் என்று சொன்னாலும் எல்லாம் தரையில்தான் இருக்கிறது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் முறையில் கோளாறு ஏற்பட்டது. இரண்டு வங்கிகளின் சேவைகள் தடைப்பட்டன, ஏறத்தாழ 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. வங்கிக்கே அந்த நிலை என்றால் சிறு நிறுவனத்திற்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பெட்டிகளையும் ஒரே கட்டடத்தில் வைக்காமல் வெவ்வேறு வட்டாரங்களில் பிரித்து வைக்கும் வசதியைச் சேவை நிறுவனங்கள் தருகின்றன. தேவைக்கேற்ப அதைத் தேர்ந்தெடுப்பதும் வாடிக்கையாளரின் கடமையே.

எல்லாருக்கும் இது தேவையா?

பத்துப் பேர் பார்க்கும் ஓர் இணையப் பக்கத்திற்குக் குபர்னெட்டிஸ் தேவையில்லை. ஒரு கூடை காய்கறிக்குக் கப்பல் அமர்த்துவது போலாகிவிடும். சிறு கடைக்கு எளிய சேவையே போதும். பல குழுக்கள் ஒன்றாக வேலை செய்யும், சுமை ஏறி இறங்கும் நிறுவனங்களுக்கே பெரிய ஏற்பாடு பயன்படும்.

எந்தச் சேவையானாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்: பெட்டியைக் கட்டியவர் யார்? அதைக் கடைசியாகப் புதுப்பித்தது எப்போது? தகவலின் நகல் எங்கே? செலவுக்கு வரம்பு என்ன? இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் நிறுவனத்திற்குள் இருக்க வேண்டும். துறைமுகத்தை வாடகைக்கு எடுக்கலாம். பொறுப்பை வாடகைக்கு விட முடியாது.