மெய்நிகர் ஸ்டூடியோவில் ஒரு படத்துக்கு என்ன விலை?

செகண்ட் லைஃப் உலகத்தில் உடம்பு கற்பனை, வீடு கற்பனை. படம் எடுப்பவரின் உழைப்பு மட்டும் நிஜம். அதற்கான கூலியை எப்படிக் கணக்கிடுவது?

ஆயிரம் லிண்டன் டாலர். செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் தன் அவதாரை, அதாவது அங்கே தனக்கென அமைத்துக்கொண்ட உருவத்தை, அழகாகப் படம் எடுத்துக்கொள்ள ஒருவர் அந்த உலகத்தின் பணத்தில் இந்தத் தொகையைக் கொடுத்தால், ‘நல்ல விலைதான்’ என்று பலரும் சொல்வார்கள். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 250 லிண்டன் டாலர் என்பது பல ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாமல் இருந்துவரும் விகிதம். அந்தக் கணக்கில் ஆயிரம் லிண்டன் என்பது நான்கு டாலர். நம் பணத்தில் சுமார் 350 ரூபாய். அந்த ஒரு படத்துக்காக போட்டோகிராபர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அவருக்குக் கிடைப்பது மணிக்கு இரண்டு டாலர். அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியோ, 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர்.

அவர் செய்யும் வேலையில் கற்பனை எதுவும் இல்லை. கண் வலிக்கிறது, கரன்ட் செலவாகிறது, ராத்திரித் தூக்கம் போகிறது. பிறகு ஏன் கூலி மட்டும் இவ்வளவு குறைவு?

வீடும் கடையும் உள்ள உலகம்

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம், 2003 ஜூன் மாதம் செகண்ட் லைஃபைத் திறந்தது. நிறுவியவர் ஃபிலிப் ரோஸ்டேல். இதில் சுடுவதற்கு எதிரி கிடையாது. தாண்டுவதற்கு லெவல் கிடையாது. உள்ளே போகிறவர்கள் தங்களுக்கு ஓர் உருவத்தை அமைத்துக்கொண்டு நிலம் வாங்குகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், கடை போடுகிறார்கள், நட்பு கொள்கிறார்கள், கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். அங்கே விற்கும் சட்டை, தலைமுடி, சோபா, மாமரம் எல்லாமே பெரும்பாலும் அங்கு வசிப்பவர்கள் உருவாக்கியவை.

இந்த உலகத்தின் பொருளாதாரத்துக்கு அடித்தளம் போட்டது 2003 நவம்பரில் வந்த ஓர் அறிவிப்பு. ‘நீங்கள் உருவாக்கியதன் உரிமை உங்களுக்கே’ என்பதுதான் அதன் சாரம். விளையாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றையும் தங்கள் சொத்தாகவே வைத்திருந்த காலத்தில் இது பெரிய மாற்றம். பிறகு லிண்டன் டாலரை நிஜ டாலராக மாற்ற லிண்டெக்ஸ் என்ற சந்தையும் வந்தது. 2006 மே மாதம், ‘பிசினஸ் வீக்’ பத்திரிகையின் அட்டையில் ஆன்ஷி சுங் என்ற அவதார் இடம்பிடித்தார். மெய்நிகர் நிலத்தை வாங்கி விற்றே பெரும் செல்வம் சேர்த்தவர் அவர். உலகம் முழுவதும் அவரை அறிந்துகொண்டது, செகண்ட் லைஃபுக்குள் எடுத்த ஒரு படத்தின் மூலமாகத்தான்.

அங்கே படம் என்பது அலங்காரப் பொருள் இல்லை. நிஜ முகத்தை யாரும் பார்க்காத இடத்தில் புரொஃபைல் படம்தான் முகம். துணிக்கடையின் விளம்பரப் படம் சரியில்லை என்றால் துணி விற்காது. கல்யாண மேடை அடுத்த வாரம் கலைக்கப்பட்டுவிடும். மிஞ்சுவது ஆல்பம் மட்டுமே. கலைஞர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். ஈவா, ஃபிராங்கோ மாட்டெஸ் என்ற இத்தாலியக் கலைஞர் இணை, செகண்ட் லைஃப் அவதார்களின் முகங்களை ‘மிக அழகான 13 அவதார்கள்’ என்ற தலைப்பில் 2006-லேயே தொகுத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள்.

நம் ஊருக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு ஜோடி, தங்கள் கல்யாண வரவேற்பை ‘மெடாவெர்ஸ்’ எனப்படும் வேறொரு மெய்நிகர் உலகத்தில் நடத்தியது. மணமகளின் மறைந்த தந்தை, அவதாராக வந்து வாழ்த்தினார். அந்தக் காட்சியை நாடே பார்த்தது படங்கள் வழியாகத்தான். இப்படிப்பட்ட படத்தை ஒருவர் காசு கொடுத்துக் கேட்கும் காலம் இங்கேயும் வரும்.

பட்டனைத் தட்டினால் போதுமா?

‘ஸ்கிரீன்ஷாட்தானே, இதற்கு எதற்குக் காசு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு போர்ட்ரெய்ட் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இந்தக் கேள்வி எழாது.

வாடிக்கையாளர் ஸ்டூடியோவுக்கு டெலிபோர்ட் ஆகி வந்து நிற்கிறார். முதல் சில நிமிடங்கள் அவர் உடம்பும் உடையும் முழுதாக இறங்காமல் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும், காத்திருக்க வேண்டும். அவதார் சும்மா நிற்காது. இயல்பாக இருப்பதற்காகப் போட்டிருக்கும் அசைவு நிரல் அதை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த நிரலை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவதாரை ஒரே நிலையில் நிறுத்தும் போஸ் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். வாடிக்கையாளர் மவுஸை நகர்த்தும் திசையிலெல்லாம் அவதாரின் கண்ணும் தலையும் திரும்பும்; அதையும் பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். சூரியன் எங்கே இருக்க வேண்டும், மேகம் எவ்வளவு, மூடுபனி எவ்வளவு என்று வானத்தையே போட்டோகிராபர் அமைக்கிறார். அவர் அமைத்த வானம் அவருடைய திரையில் மட்டும்தான் அப்படித் தெரியும். பக்கவாட்டில் நிழல் விழ விளக்குகளை வைக்கிறார். செகண்ட் லைஃபுக்குள் போகப் பயன்படும் ஃபயர்ஸ்டார்ம் என்ற பிரபல மென்பொருளில் இதற்கென்றே ‘ஃபோட்டோடூல்ஸ்’ பகுதி இருக்கிறது. நிழல், பின்னணி மங்கல், உயர்ந்த ரெசல்யூஷன் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் சாதாரண லேப்டாப் மூச்சு முட்டி நின்றுவிடும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

மணப்பெண் என்றால் இன்னொரு சிக்கல். ஒளி ஊடுருவும் இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால், எதை முன்னால் காட்டுவது என்று மென்பொருளுக்குக் குழப்பம் வந்துவிடும். மெல்லிய முக்காட்டுத் துணிக்குப் பின்னால் இருக்கும் கூந்தல் பாதி காணாமல் போய்விடும். முக்காட்டோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் என்று இரண்டாக எடுத்து, பிறகு ஃபோட்டோஷாப்பில் சேர்க்க வேண்டும். மடங்கிய முழங்கை கூராகத் துருத்தும். சட்டைக்குள்ளிருந்து தோல் எட்டிப் பார்க்கும். தலைமுடியின் ஓரம் கத்தரித்ததுபோல் இருக்கும். அத்தனையையும் கையால் சரிசெய்து, முடி இழைகளை ஒவ்வொன்றாக வரைந்து சேர்க்கிறார்கள். ‘ஷட்டர்’ தட்டுவது ஒரு நொடி வேலை. மற்றதெல்லாம் மணிக்கணக்கு.

சட்டையின் விலை வேறு, படத்தின் விலை வேறு

அப்படியிருந்தும் விலை ஏன் தரைமட்டத்தில் கிடக்கிறது? செகண்ட் லைஃபில் ஓர் அழகான உடை சில நூறு லிண்டனுக்குக் கிடைக்கும். வாங்குகிறவர் அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் படத்துக்கும் வருகிறார். ‘முந்நூறு லிண்டனுக்கு முழு உடையே வருகிறதே, ஒரு படத்துக்கு மூவாயிரமா?’

இந்த ஒப்பீடே தவறு. உடையை வடிவமைப்பவர் ஒரு முறை உழைக்கிறார். அதே உடையை ஆயிரம் பேருக்கு விற்கிறார். துணியும் நூலும் தேவையில்லாத உலகத்தில் ஆயிரத்தோராவது பிரதிக்குக் கூடுதல் செலவு கிடையாது. அதனால்தான் முந்நூறுக்குக் கட்டுப்படியாகிறது. உங்கள் முகத்தை எடுத்த படத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஒரு முறை உழைப்பு, ஒரே ஒரு விற்பனை. பிரதி எடுத்து விற்கும் பொருளின் விலையை, ஒருவருக்காகச் செய்யும் வேலையின்மேல் வைக்கக் கூடாது. இது புரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் போட்டோகிராபர்கள்தான். பலருக்கு இது பொழுதுபோக்கு. ‘காசு வந்தால் சரி, வராவிட்டாலும் சரி’ என்று எடுக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் பெயர் வாங்குவதற்காகப் பாதி விலைக்கு எடுக்கிறார்கள். பிறகு விலையை ஏற்ற முயன்றால் வந்த கூட்டம் கலைந்துவிடுகிறது. கடைகள் நடத்தும் ‘பிளாகர்’ ஏற்பாடு இன்னொரு கதை: ஓர் உடையை இலவசமாகக் கொடுத்து, அதை அணிந்து படம் எடுத்து, குறிப்பிட்ட நாளுக்குள் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். சில நூறு லிண்டன் மதிப்புள்ள உடைக்காக மூன்று மணி நேர விளம்பர வேலை நடக்கிறது. விரும்பிச் செய்பவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், அது விளம்பர வேலை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நேரத்திலிருந்து தொடங்குங்கள்

நியாயமான விலைக்கு வழி என்ன? பக்கத்து ஸ்டூடியோவின் விலைப் பலகையைப் பார்த்து நூறு குறைத்துப் போடுவது வழியே அல்ல. கைக்கடிகாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில், தன் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று போட்டோகிராபர் முடிவு செய்யட்டும். ஐந்து டாலர் என்று வைத்துக்கொள்வோம்: 1,250 லிண்டன். அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி என்றால் சுமார் 1,800. எந்த ஊரில் வாழ்கிறார், இதை நம்பியா பிழைக்கிறார் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். மணிலாவில் இருப்பவரும் மெல்பர்னில் இருப்பவரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லும் எண் தெரிந்து சொல்வதாக இருந்தால் போதும்.

அடுத்து, உரையாடல், அரங்கம் அமைத்தல், படம் எடுத்தல், திருத்துதல், அனுப்புதல் எல்லாவற்றுக்குமான மொத்த நேரத்தைக் கூட்டிப் பெருக்கட்டும். இரண்டு மணி நேர போர்ட்ரெய்ட் 2,500 லிண்டன். நான்கு மணி நேரம் கல்யாணத்தில் நின்று, ஆறு மணி நேரம் திருத்தினால் 12,500. அதாவது 50 டாலர். நாற்பது பேர் கூடிய கல்யாணத்தில் சர்வர் திணறும், படம் தடங்கித் தடங்கி நகரும், தோழிப் பெண் சாம்பல் உருவமாகவே நிற்பார், முக்கியமான நேரத்தில் போட்டோகிராபரின் கணினியே விழுந்துவிடலாம். அந்தப் பதற்றத்துக்கு 50 டாலர் அதிகமில்லை.

அதன்மேல் செலவுகள். ஸ்டூடியோ நிலத்துக்கு வாடகை, போஸ்களுக்கும் பின்னணி அரங்குகளுக்கும் விலை, ஃபோட்டோஷாப் சந்தா. படத்தை உலகத்துக்குள் ஏற்றுவதற்கு நீண்ட காலமாக இருந்த கட்டணம் 10 லிண்டன். அது சிறு செலவு. லிண்டனை டாலராக மாற்றி வெளியே எடுக்கும்போது பிடிக்கும் கட்டணமும் உண்டு. இவற்றை மாதக் கணக்காகக் கூட்டி, எடுக்கும் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு படத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

‘இவ்வளவு கொடுக்க என்னிடம் இல்லை’ என்பவருக்கும் இடம் இருக்க வேண்டும். அவருக்காகக் கூலியைக் குறைக்க வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள். முன்பே அமைத்த வெளிச்சம், மூன்றே போஸ், லேசான திருத்தம் என்று முக்கால் மணி நேரத்தில் முடியும் படத்தை ஆயிரத்துக்குள் கொடுக்கலாம். வாங்குபவருக்குப் படம் கிடைக்கிறது. எடுப்பவருக்குக் கூலி குறையவில்லை. தள்ளுபடிக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை.

எழுதிக் கொடுங்கள்

நம் ஊர்க் கல்யாண போட்டோகிராபர், இத்தனை ஷீட் ஆல்பம், இத்தனை மணி நேரம், இவ்வளவு அட்வான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கேமராவைத் தூக்குகிறார். செகண்ட் லைஃபில் இது இன்னும் அவசியம். ஒருவர் இன்னொருவருக்கு லிண்டன் அனுப்பினால் உடனே போய்ச் சேர்ந்துவிடும். பிறகு தகராறு வந்தால் லிண்டன் லேப் நடுவில் வந்து பஞ்சாயத்து செய்யாது. அங்கேயே நோட்கார்டு என்ற வசதி இருக்கிறது. எத்தனை படங்கள், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள், முன்பணம் எவ்வளவு, சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்று பத்து வரிகள் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் மனஸ்தாபம் வராது.

பயன்பாட்டு உரிமையையும் அதில் எழுத வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டும் படமும், ஒரு கடை மாதக்கணக்கில் விளம்பரத்தில் ஓட்டும் படமும் ஒரே விலையாக இருக்க முடியாது. விளம்பரப் படம் கடைக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. அதில் ஒரு பங்கு எடுத்தவருக்கும் சேர வேண்டும். வாங்குபவர் படத்தைப் பிரதி எடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா என்று பொருளிலேயே குறித்து அனுப்பும் வசதி செகண்ட் லைஃபில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும். பிறர் நிலத்தில் படம் எடுப்பதாக இருந்தால், அந்த நிலத்தின் விதிகளையும் முன்பே படித்துவிட வேண்டும்.

இலவசமாக எடுத்துக் கொடுப்பதில் தவறே இல்லை. தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு படம் பரிசாகக் கொடுங்கள். இந்த உலகம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கி நிற்பதற்கு அந்த அன்பும் ஒரு காரணம். ஆனால், பரிசைப் பரிசு என்று சொல்லிக் கொடுங்கள். அதன் உண்மையான விலையையும் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் தாராளம், இதையே வருமானமாக நம்பியிருக்கும் இன்னொருவரின் கூலியைக் குறைத்துவிடும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த ஐந்து படங்களுக்கு நேரத்தைக் குறித்து வையுங்கள், உங்கள் விலை என்னவென்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும். எடுத்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விலை கேட்கும்போது, ‘இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?’ என்றும் சேர்த்துக் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு பேரம் பேச உங்களுக்கே மனம் வராது.