வாடகைக் கடையும் நிலையான முகவரியும்



பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்து மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் குடியேறிய குடும்பங்களுக்குப் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் புதியதன்று. வீடு மாறுகிறோம், கடையும் மாறுகிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரை இழந்துவிடுகிறோம். தாராவியில் தோல்பை தைக்கும் சகோதரரானாலும், வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் சகோதரியானாலும் இதே நிலைதான். பழைய தெருவுக்குத் தேடி வந்து, பூட்டிய கதவைக் கண்டு திரும்பிப் போகிறவர் மறுபடியும் நம்மைத் தேடுவது அரிது.

கடை எத்தனை தெரு மாறினாலும் மாறாத முகவரி ஒன்று நமக்கு வேண்டும். சொந்தப் பெயரில் அமைந்த ஓர் எளிய இணையதளம் அத்தகைய முகவரியாகும். பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணித் தயங்காதீர்கள். சிறு தொழிலுக்குத் தேவையான நான்கு பக்கத் தளத்தை மூன்று நாட்களில் அமைத்து வெளியிட்டுவிடலாம். ஆயினும் ஒரே ஒரு காரியத்தில் அவசரம் கூடாது. அது எதுவென்று இரண்டாம் நாளுக்குரிய பகுதியில் காண்போம்.

முதல் நாள்: தாளும் பேனாவும்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தொலைபேசியில் உங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதுங்கள். என்ன செய்து தருகிறீர்கள்? விலை என்ன? எந்தப் பகுதிவரை கொண்டுவந்து கொடுப்பீர்கள்? எந்த நேரத்தில் அழைக்கலாம்? பணம் எப்படிக் கொடுப்பது? இவற்றிற்கான பதில்களே உங்கள் தளத்தின் பொருளடக்கம். முகப்பு, பொருள்களும் விலையும், எங்களைப் பற்றி, தொடர்புக்கு என்னும் நான்கு பக்கங்களில் அவற்றைப் பிரித்துவிடலாம்.

வாங்குகிறவர் எந்த மொழி படிப்பாரோ அந்த மொழியில் எழுதுங்கள். மும்பையில் மாவு வாங்குகிறவர் மராத்தியோ இந்தியோ ஆங்கிலமோ படிப்பவராக இருக்கலாம். தமிழும் ஒரு பகுதியாக இருக்கட்டும். விலைப்பட்டியலைப் படம் பிடித்துப் போடாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்வது நல்லது. எழுத்தைத் தேடுபொறி எளிதாகக் கண்டுகொள்ளும். விலை மாறும்போது திருத்துவதும் சுலபம். உணவுப் பொருள் விற்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவின் 14 இலக்க எண்ணையும் குறிப்பிடுவார்களானால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை உண்டாகும்.

பிறகு பகல் வெளிச்சத்தில் பத்துப் புகைப்படங்கள் எடுங்கள். அவை உங்கள் கையால் செய்த பொருளின் படங்களாகவே இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிறருடைய படங்களை எடுத்துப் போடுவது முறையன்று. சட்டச் சிக்கலும் வரக்கூடும்.

இரண்டாம் நாள்: பெயரும் இடமும்

இணையதளத்திற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று டொமைன் எனப்படும் பெயர். மற்றொன்று ஹோஸ்டிங் எனப்படும் இடம். பெயர் என்பது கடையின் பெயர்ப்பலகை போன்றது. இடம் என்பது கடை வைத்திருக்கும் கட்டடம் போன்றது. பலகையைக் கழற்றி வேறு கட்டடத்தில் மாட்டிக்கொள்ளலாம். இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்குரிய 'டாட் இன்' பெயர்கள் 2005 முதல் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைத்துவருகின்றன. பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் கேட்பவர் பிழையின்றி எழுதக்கூடியதாகப் பாருங்கள். இடையில் கோடும் எண்ணும் வேண்டாம். தெருவின் பெயரையும் பேட்டையின் பெயரையும் சேர்க்க வேண்டாம். நாளை நீங்கள் அங்கே இல்லாமற் போகலாம்.

அவசரம் கூடாத காரியம் இதுதான்: அந்தப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகிறது என்பது. பல இடங்களில் தெரிந்த தம்பி ஒருவரோ, வடிவமைப்பாளர் ஒருவரோ உதவிக்கு வருகிறார். விரைவாக முடிக்கும் எண்ணத்தில் தம்முடைய கணக்கிலேயே, தம்முடைய மின்னஞ்சலிலேயே பதிவு செய்துவிடுகிறார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லாதிருக்கலாம். ஆனால் அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போனபின், புதுப்பிக்கும்படி வரும் அறிவிப்பு அவருக்குப் போகுமே தவிர உங்களுக்கு வராது. தவணை தவறிய பெயர் சில வாரங்களில் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பில்லிலும் பெயர்ப்பலகையிலும் நீங்கள் அச்சிட்ட அந்த முகவரியை எவரும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகையால் அவர் வேலை செய்யட்டும். பதிவு உங்களுடையதாக இருக்கட்டும். பதிவு நிறுவனத்தில் உங்கள் பெயரிலேயே கணக்கைத் தொடங்கி, உங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுங்கள். கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். பதிவு செய்தவுடன் மின்னஞ்சலைச் சரிபார்க்கும்படி ஒரு கடிதம் வரும். அதை உடனே திறந்து உறுதிசெய்யுங்கள். 'டாட் காம்' போன்ற பெயர்களுக்கு 15 நாட்களுக்குள் இதைச் செய்யாவிட்டால் தளம் முடங்கிப்போகக்கூடும்.

இலவசத் தளம் இருக்கும்போது பெயருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. 1990களில் புகழ்பெற்றிருந்த ஜியோசிட்டீஸ் என்னும் இலவசச் சேவையை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. கூகுள் நிறுவனமும் சிறு வணிகர்களுக்கு வணிக விவரப் பக்கத்துடன் இலவசமாக அமைத்துக் கொடுத்த தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இலவச முகவரியை மட்டுமே நம்பி அதை அச்சிட்டுக் கொடுத்தவர்கள் முகவரியை இழந்தார்கள். சொந்தப் பெயர் வைத்திருந்தவர்களோ அதை வேறோர் இடத்திற்குத் திருப்பிவிட்டுத் தொழிலைத் தொடர முடிந்தது.

இடத்தைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உண்டு. ஆயத்த வடிவங்களைக் கொண்டு தளம் அமைத்துத் தரும் சேவைகள் ஒரு வழி. எழுத்தையும் படத்தையும் இட்டால் போதும்; பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளை வாடகை இடத்தில் நிறுவிக்கொள்வது மற்றொரு வழி. இதில் சுதந்திரம் அதிகம். ஆனால் அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் திருடர்கள் புகுந்துவிடுவார்கள். வீட்டில் கணினி அறிந்த பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு முதல் வழியே ஏற்றது.

மூன்றாம் நாள்: சோதனையும் வெளியீடும்

உங்கள் தளத்தைப் பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். ஆகவே கைபேசியிலேயே சோதித்துப் பாருங்கள். கைபேசியில் எடுத்த படம் நான்கைந்து எம்.பி. அளவுக்கு இருக்கும், அதைச் சுமார் 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினால் பக்கம் விரைவில் திறக்கும். தொலைபேசி எண்ணைத் தொட்டவுடன் அழைப்பு செல்ல வேண்டும். தளம் பாதுகாப்பான 'எச்.டி.டி.பி.எஸ்.' முறையில் திறக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் பாதுகாப்பற்ற தளம் என்று காட்டிவருகிறது. இதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

இறுதியாக, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, "ஒரு கிலோ மாவு என்ன விலை என்று பார்த்துச் சொல்லுங்கள்" எனக் கேளுங்கள். அவர் தடுமாறினால் திருத்த வேண்டியது உங்கள் பக்கத்தையே. அவர் சொல்லிவிட்டால் அன்றே வெளியிடுங்கள். குறைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். கூகுளில் வணிக விவரப் பக்கம் ஒன்றையும் இலவசமாகத் தொடங்கி, அதில் உங்கள் தள முகவரியைக் கொடுங்கள். பில்லிலும் பொட்டலத்திலும் பெயர்ப்பலகையிலும் அதே முகவரியை அச்சிடுங்கள். தேடலில் நீங்கள் தென்படச் சில வாரங்கள் ஆகலாம், சோர்ந்துபோகாதீர்கள்.

விழிப்புடன் இருங்கள்

எண் வெளியே தெரிந்தபின் ஏமாற்றுக்காரரும் அழைப்பார்கள். ராணுவ அதிகாரி என்று சொல்லிப் பெரிய ஆர்டர் கொடுத்து, "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்பது ஒரு பழக்கமான தந்திரம். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகள் கதவு எண்ணைத் தளத்தில் போடாமல் பகுதியின் பெயரை மட்டும் குறிப்பிடலாம்.

பெயர் என்பது ஒருமுறை வாங்கிவைக்கும் நிலமன்று. தவணை முடியுமுன் புதுப்பிக்கப்பட வேண்டியது. முதலாண்டுக் கட்டணம் குறைவாகவும் அடுத்த ஆண்டு கூடுதலாகவும் இருக்கலாம், வாங்கும்போதே கேட்டறியுங்கள். புதுப்பிக்கச் சொல்லி வரும் போலிக் கடிதங்களும் உண்டு. ஆகவே கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்கள் பதிவு செய்த நிறுவனத்தின் கணக்கில் நேரே நுழைந்து கட்டுங்கள்.

வீட்டுக் கணக்கு நோட்டில் மூன்று வரிகளை எழுதிவையுங்கள்: பதிவு செய்த நிறுவனம், கொடுத்த மின்னஞ்சல், தவணை முடியும் நாள். கணவர் மட்டும் அறிந்திருந்தால் போதாது; மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். ஒருவர் நோயுற்றாலும் ஊருக்குப் போனாலும் தொழிலின் முகவரி நிலைத்திருக்கும். அடுத்த முறை கடை மாறும்போது தளத்தில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். தேடி வருகிறவர்கள் புதிய கடைக்கு வந்துசேருவார்கள்.