இரண்டாவது புத்தகம்

1961 ஆகஸ்ட் 12. பெர்லின் சுவர் எழுவதற்கு முந்தைய நாள். கிழக்கு பெர்லினிலிருந்து மனைவியோடு மேற்கே தப்பி வந்த ஓர் ஆள், தான் இரண்டு கொலைகள் செய்ததாக அதிகாரிகளிடம் ஒப்புக்கொண்டார். பெயர் போக்தான் ஸ்டாஷின்ஸ்கி. சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் ஆள். மியூனிக்கில் அடைக்கலம் புகுந்திருந்த உக்ரேனியத் தலைவர்கள் இருவரை, 1957-ல் லெவ் ரெபெட்டையும் 1959-ல் ஸ்டெபான் பண்டேராவையும், சயனைடு பீய்ச்சும் துப்பாக்கியால் கொன்றவர். வழக்கை மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமே விசாரித்தது. 1962 அக்டோபரில் வந்த தீர்ப்பு பலரைத் திகைக்க வைத்தது: இவர் கொலையாளி அல்ல, கொலைக்கு உடந்தை மட்டுமே. எட்டு ஆண்டு சிறை.

தன் கையால் சுட்டவர் எப்படி வெறும் உடந்தை? அன்றைய ஜெர்மன் நீதிமன்றங்கள் செய்த கையைவிட மனசைத்தான் அதிகம் பார்த்தன. குற்றத்தைத் தனக்காக விரும்பிச் செய்தாரா, அல்லது பிறருக்காகவா? பிறருக்காக என்றால் உடந்தை. இதற்கு முன்னோடியாக 1940-ல் ஒரு வழக்கு. ஒரு பெண், மணமாகாத தன் சகோதரிக்குப் பிறந்த சிசுவைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொன்றார், சகோதரி கேட்டுக்கொண்டதற்காக. அவரை மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற நினைத்த நீதிபதிகள், அவர் சகோதரிக்கு உதவி மட்டுமே செய்தார் என்று எழுதிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்காக இரக்கத்தோடு திறக்கப்பட்ட அந்தக் கதவு வழியாகத்தான், போருக்குப் பிறகு நாஜி அதிகாரிகள் வரிசையாக வெளியே நடந்தார்கள். ஹிட்லரும் ஹிம்லரும் ஹைட்ரிக்கும்தான் குற்றவாளிகள், மற்றவர்கள் எல்லாம் உடந்தை. மூவரும் செத்துப்போனது வசதியாகவும் இருந்தது.

நம்மூர்க்காரர்களுக்கு இது வறட்டு வாதமாகத் தோன்றலாம். இங்கே குற்றம் நடந்துவிட்டால் தூண்டியவருக்கும் உதவியவருக்கும் பொதுவாகச் செய்தவருக்குள்ள தண்டனைதான். பழைய இ.பி.கோ. 109, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா 49. ஜெர்மனியில் அப்படியில்லை, உடந்தை என்று முத்திரை விழுந்தால் ஆயுள் தண்டனை ஒற்றை இலக்கத்துக்கும் இறங்கலாம்.

ஸ்டாஷின்ஸ்கி வழக்கு நடந்த நேரத்தில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தார் கிளாஸ் ரோக்ஸின். வயது 31. முனைவர் பட்டம் ஏற்கெனவே கையில். இன்று விளம்பரங்களில் 'போஸ்ட் டாக்' என்று போடுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த இடம்தான். ஜெர்மன் சட்டத் துறையில் இந்த இடத்துக்கு ஒரே பெரிய வேலை உண்டு: இரண்டாவது புத்தகம். முனைவர் பட்ட ஆய்வேடு முதல் புத்தகம். அதைவிடப் பெரியதாக, வேறொரு பொருளில், சொந்தக் கோட்பாட்டோடு இரண்டாவதை எழுதி, சட்டத் துறைப் பேராசிரியர்கள் முன் வைத்துத் தேறினால்தான் 'ஹபிலிடட்ஸியோன்'. அதன் பிறகுதான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி.

ரோக்ஸின் எழுதிய இரண்டாவது புத்தகம் 1963-ல் வெளிவந்தது. குற்றத்தின் கடிவாளம் யார் கையில் இருந்தது என்பதே அவர் கேட்ட கேள்வி. மனசை விடு, பிடியைப் பார். அப்படிப் பார்த்தால் ஸ்டாஷின்ஸ்கி சந்தேகமே இல்லாமல் கொலையாளி. அதோடு நிற்காமல் இன்னொரு படி போனார். எருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு முடிந்திருந்த காலம் அது. ஓர் அதிகார இயந்திரத்தின் மேலே உட்கார்ந்து உத்தரவு போடுகிறவருக்கு, கீழே சுடுபவர் யார் என்பது பொருட்டே இல்லை. ஒருவர் மறுத்தால் இன்னொருவர் சுடுவார். ஆகவே துப்பாக்கியைத் தொடாவிட்டாலும் அவரும் கொலையாளியே, தூண்டியவர் மட்டுமல்ல. இயந்திரம் சட்டத்துக்கு அப்பாற்பட்டு இயங்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

ஜெர்மன் நீதிமன்றங்கள் உடனே கண்டுகொள்ளவில்லை. முதலில் கையில் எடுத்தது அர்ஜென்டினா, 1985-ல் ராணுவ ஆட்சித் தலைவர்கள் மீதான வழக்கில். 1994-ல்தான் ஜெர்மனி வழிக்கு வந்தது. எல்லையில் தப்பியோடியவர்கள் சுடப்பட்டதற்காக, கிழக்கு ஜெர்மனியின் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் உறுப்பினர்கள் மூவரைக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கொலையாளிகள் வரிசையில் நிறுத்தியது. பிறகு பெரு. பாரியோஸ் அல்டோஸில் 15 பேர், லா கன்டூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரும் ஒன்பது மாணவர்களும் ராணுவக் கொலைப்படையால் கொல்லப்பட்ட வழக்கில், முன்னாள் அதிபர் ஃபுஜிமோரிக்கு 2009 ஏப்ரல் 7 அன்று 25 ஆண்டு சிறை. அவர் யாரையும் சுடவில்லை. லிமா நீதிமன்றம் நின்ற தரை, ஹாம்பர்க்கில் ஓர் உதவியாளர் எழுதிய அந்தப் புத்தகம்.

இன்று அந்த உதவியாளர் இடத்துக்கு வருவது எப்படி? முதலில் மாநில அரசு நடத்தும் சட்டத் தேர்வு. மொத்தம் 18 புள்ளி. 9 எடுத்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். நம் பள்ளிக்கூடங்களில் பாதி மார்க்குக்கு விழும் திட்டை நினைத்தால் சிரிப்பு வரும். அந்த 9 இல்லாமல் குற்றவியல் சட்டப் பேராசிரியர் யாரும் பொதுவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு நல்ல தரத்தில் முனைவர் பட்டம். வேலை கிடைத்த பின் மாணவர் விடைத்தாள் திருத்த வேண்டும், வகுப்பு எடுக்க வேண்டும், பேராசிரியர் எழுதும் உரைநூலுக்குத் தீர்ப்புகளைத் தேடித் தர வேண்டும். உரைநூல் என்றால் தண்டனைச் சட்டத்துக்குப் பிரிவு பிரிவாக எழுதும் விளக்கம். ஷோன்கே-ஷ்ரோடர் உரை ஒன்றே 3,000 பக்கங்களைத் தாண்டும். இதற்கெல்லாம் நடுவில் இரண்டாவது புத்தகம்.

ஃப்ரைபர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குற்றவியல் ஆய்வு நிறுவனத்தில் இந்த இடம் கிடைத்தால் விடைத்தாள் தொல்லை குறைவு. அந்த உரைநூலைத் தொடங்கிவைத்த ஷோன்கே 1938-ல் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த சிறு ஆய்வுக்கூடம், 1966-ல் மாக்ஸ் பிளாங்க் சங்கத்துக்குள் வந்தது. ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, துருக்கி என்று பல நாட்டுக் குற்றவியல் அறிஞர்கள் அதன் நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். ரோக்ஸினின் கருத்து ஸ்பானிய மொழியில் பேசக் கற்றது இப்படிப்பட்ட போக்குவரத்தில்தான்.

சிக்கல் எல்லாம் கடிகாரத்தில். 2007-ல் வந்த ஒரு சட்டப்படி, பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு வரைதான் தற்காலிக ஒப்பந்தம். அந்த ஆறும் ஒரே வீச்சில் கிடைப்பதில்லை; இரண்டு, ஒன்று, மறுபடி இரண்டு என்று துண்டு போட்டுத் தருவார்கள். ஆறு முடிந்தும் பேராசிரியர் ஆகாவிட்டால் அநேகமாக வெளியேற வேண்டியதுதான். ஹபிலிடட்ஸியோன் முடித்துப் பதவிக்குக் காத்திருக்கும் காலத்தில் கற்பிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளச் சம்பளமே இல்லாமல் பாடம் நடத்துகிறவர்களும் உண்டு. இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தி கூட்டாட்சிக் கல்வி அமைச்சகம் 'ஹன்னா' என்ற கற்பனைப் பெண் விஞ்ஞானியை வைத்து ஒரு வீடியோ போட்டிருந்தது. ஒரே தலைமுறை எல்லா இடங்களையும் அடைத்துக்கொள்ளக் கூடாதாம். 2021 ஜூனில் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் 'நான்தான் ஹன்னா' என்று தங்கள் ஒப்பந்தக் கதைகளைச் சமூக வலைதளங்களில் கொட்டினார்கள். அமைச்சகம் வீடியோவை நீக்கியது. சட்டத் திருத்தம் மட்டும் 2024 நவம்பரில் கூட்டணி ஆட்சி கவிழ்ந்தபோது பாதி வழியில் நின்றுபோனது.

ரோக்ஸின் காலமும் சொர்க்கம் அல்ல. பேராசிரியர் சொல்லே வேதம், பெண்கள் அந்த அறைகளில் அபூர்வம். ஆனால் புதிய பல்கலைக்கழகங்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். 1963-லேயே அவருக்கு கோட்டிங்கனில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்றைக்கு 31 வயதில் பலருக்கு முதல் புத்தகமே அச்சில் இருக்கும்.

1994 தீர்ப்பில் ஜெர்மன் நீதிபதிகள் இன்னொன்றும் சொல்லிவைத்தார்கள்: இதே தர்க்கம் வணிக நிறுவனங்களுக்கும் பொருந்தலாம். ரோக்ஸின் மறுத்தார். கம்பெனி ஊழியர் சட்டத்துக்கு உட்பட்ட உலகில் இருக்கிறார், மேலாளர் சொன்னாலும் அவர் மறுக்கலாம், மறுக்க வேண்டும். கொலைப்படை வேறு, கம்பெனி வேறு என்றார். 2025 பிப்ரவரியில் 93 வயதில் இறக்கும்வரை அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதற்கு 700 பக்கத்தில் ஒரு பதில் எழுத யாராவது உட்கார வேண்டும், அதுவும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில்.