துறையைக் கடக்கும் பணம்

கொழும்பு கிராண்ட்பாஸ் என்ற பெயர் போர்த்துக்கேயர் காலத்தது. ‘பெரிய துறை’ என்பது அதன் பொருள். களனி ஆற்றைக் கடந்து நகருக்குள் வரும் பழைய வழி இது. துறைமுகத்திற்குச் செல்லும் கொள்கலன் லொறிகள் இன்றும் இப்பகுதியில் ஓடுகின்றன. பொருள் போவதைக் காண்கிறோம். அதன் விலைப்பணம் முழுவதும் நாட்டுக்குத் திரும்புகிறதா என்பதை நாம் காண்பதில்லை.

காணியையும் கிணற்றையும் விட்டு வந்து வாடகை அறையில் இருக்கும் எமக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். “நாங்கள் வரி கட்டுபவர்கள் அல்லவே” என்றும் சொல்லலாம். அது சரியல்ல. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த டீசலும் சமையல் எரிவாயுவும் அன்று முதல் அவ்வரிக்குள் வந்தன. உழவு யந்திரத்திற்கு டீசல் அடிப்பவரும், மாளிகையில் வாழ்பவரும் ஒரே வீதத்திலேயே இவ்வரியைச் செலுத்துகின்றனர்.

ஒரே பொருள், இரண்டு விலை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒரு கம்பனி 100 ரூபா பெறுமதியான பொருளை, வரி மிகக் குறைந்த நாடொன்றிலுள்ள தனது சொந்தக் கிளைக்கு 70 ரூபாவுக்கு விற்றதாக விலைப்பட்டியல் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளை அதை 100 ரூபாவுக்கு விற்கிறது. 30 ரூபா இலாபம் அங்கேயே தங்கிவிடும். இங்கே வரியும் இல்லை, அந்நியச் செலாவணியும் இல்லை. நெல் வியாபாரியின் கள்ளத் தராசை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே தராசு கடதாசியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உடன்படிக்கை எதற்கு?

ஒரே வருமானத்திற்கு இரு நாடுகளும் வரி அறவிட்டால் அது அநீதி. அதைத் தடுக்கவே இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகள் எழுந்தன. 1979இல் இலங்கையும் ஐக்கிய இராச்சியமும் அவ்வாறு ஒன்றைச் செய்துகொண்டன. ஆனால் இரண்டு தரம் வரி கட்டாமலிருக்கப் போட்ட வேலியே, ஒரு தரமும் கட்டாமல் தப்பும் கடவையாக மாறுவதுண்டு. இந்தியா 1982இல் மொரீசியஸுடன் செய்த உடன்படிக்கை இதற்கு உதாரணம். மொரீசியஸில் பெயரளவில் கம்பனி பதிந்து, அதனூடாக இந்தியப் பங்குகளை வாங்கி விற்றவர்கள், அந்த இலாபத்திற்கு இரு நாட்டிலும் வரி செலுத்தவில்லை. 2016இல் உடன்படிக்கையைத் திருத்தியே இந்தியா அக்கடவையை அடைத்தது.

இழப்பு யாருக்கு?

2022இல் இலங்கையின் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்குச் சுமார் 7 மாத்திரமே. 2019 இறுதியில் செய்யப்பட்ட வரிக்குறைப்பே இதற்குப் பெருங்காரணம். எல்லாவற்றையும் கள்ளக் கணக்கின் தலையில் போட முடியாது. ஆயினும் ஏற்கெனவே வற்றிய குளத்தில் அணைக்கட்டும் ஒழுகினால் வயலுக்கு என்ன மிஞ்சும்? அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. பின்னர் வரிச்சுமை நம் கடைச் சாமான் மீதே ஏறியது. குளம் திருத்தவும், மீள்குடியேறுவோருக்கு வீடு கட்டவும் கேட்கும்போது ‘பணமில்லை’ என்ற பதிலே வருகிறது.

செய்யக்கூடியது என்ன?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஏற்றுமதிப் பணத்தை 180 நாட்களுக்குள் நாட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென 2021இல் மத்திய வங்கி விதித்தது. ஆனால் 1953ஆம் ஆண்டுச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்த குற்றவியல் தண்டனை, 2017ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் இல்லாமற் போயிற்று. சுங்கத் திணைக்களமும் உள்நாட்டு இறைவரித் திணைக்களமும் மத்திய வங்கியும் தம் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் பல பொய்கள் வெளிப்படும்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதியும் விளக்கும் கேட்கிறோம். “வெளியே தங்கிய பணத்தைக் கொண்டுவர என்ன செய்வீர்கள்?” என்றும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. டீசலிலும் எரிவாயுவிலும் அதற்கான விலையை நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்கள்.